எத்தினி வருஷம் வரும்

ஊசூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர் வரைக்கும்
இருபத்தாறு வருஷமாய்ப் போர் போடுகிறேன்.
கருங்கல்லில் பிட் இறங்கும்போது
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்,
கீழே இருப்பது பாறையா மக்கிய கல்லா என்று.
அதனால்
சத்துவாச்சாரி கிளினிக்கில், சாய்த்த நாற்காலியில்,
டாக்டர் ஷாஹிதா என் கீழ்த்தாடையில் இறங்கியபோது
கண்ணை மூடிக்கொண்டு
ஓட்டத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெதுவாகத்தான் சுற்றினார்.
உப்புத்தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது.
"சூடேறினா எலும்பு செத்துடும்.
செத்த எலும்பு எதையும் பிடிக்காது."
வாயில் குழாயோடு தலையாட்டினேன்.
காய்ந்த பிட் என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

டைட்டானியம் திருகு, பத்து மில்லிமீட்டர்.
என் கணக்கில்
ஒரு அடியில் முப்பதில் ஒரு பங்கு.
அடிக்கு இன்ன ரேட் என்று போட்டுப் பார்த்தால்
நான் என்றோ தொழில் மாறியிருக்க வேண்டும்.

எழுந்து, மரத்த உதட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்:
"எத்தினி வருஷம் வரும், மேடம்?"

இதே கேள்வி, இதே குரல்.
லத்தேரியில் துளசிராமன்,
கம்மலை அடகு வைத்துவிட்டு வந்து
தண்ணீர் பொங்கி அடித்த அன்று
சேறு தெறித்த முகத்தோடு கேட்டார்.
சொன்னேன்: இருபது வருஷம்கூட வரும்.
மழை பெய்யணும்.
பக்கத்துக் கழனிக்காரன் உன்னைவிட ஆழமாய்ப் போகாமல் இருக்கணும்.
மோட்டாரை வறட்டில் ஓட்டக் கூடாது.
அவர் காதில் விழுந்தது இருபது மட்டும்.

டாக்டரும் சொன்னார்: இருபது வருஷம்கூடத் தாங்கும்.
சர்க்கரை ஏறாமல் இருக்கணும், பீடி கூடாது,
சுற்றிலும் தினம் தேய்க்கணும்,
ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டணும்.
நானும் இருபதை மட்டும்தான்
பைக்கில் வைத்துக் காட்பாடிக்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் மாதம், கணியம்பாடி டீக்கடை.
நாக்கு பட்டதும் சுழன்றது.
வலி இல்லை. சீழ் இல்லை.
வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றி
முடியளவு ஒரு கறுப்புக் கோடு.
எலும்பு வந்து சேரவே இல்லை,
நடுவில் வெறும் சதை புகுந்திருந்தது.
கேசிங் பாறையில் உட்காராமல்
மண்ணில் தொங்கினால் நானும் இப்படித்தான் உதட்டைப் பிதுக்குவேன்.

"பீடி?" என்றார்.
"விட்டுட்டேன்."
அவர் பார்வை என் வாயில் இல்லை,
சட்டைப்பையில் இருந்தது.
கேட்காமலே அமுலு சொன்னாள்:
"ராத்திரி எல்லாம் நறநறன்னு கடிக்கிறாரு மேடம்,
லாரி வந்துனு கீதோன்னு எழுந்து பாக்கறேன்."

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே
நூலால் நெய்த மெத்தை ஒன்று உண்டாம்.
அழுத்தினால் போதும் என்று அது சொல்லுமாம்.
இதற்கு அது கிடையாது.
சொல்லாது.
தாங்கும், தாங்கும்,
ஒருநாள் தாங்காது.

"நாலு மாசம் போகட்டும், குழி ஆறும்.
மறுபடி போடலாம். நிறையப் பேருக்குப் பிடிச்சிருக்கு.
பிடிக்கும்னு எழுதித் தர மாட்டேன்."
கழற்றிய திருகைப் பஞ்சில் சுற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
மரை தேயவே இல்லை, புதுசு மாதிரி.
பழுது அதில் இல்லை.

பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
கீழே மணல், கருவேலம், ஒரு ஓரம் மட்டும் சாக்கடை நீர்.
துளசிராமன் முன்பு ஏழெட்டு முறை அழைத்திருந்தார்,
நான் எடுக்கவில்லை.
இப்போது எடுத்தார், முதல் மணியிலேயே.

"போர் போட்டவன் பேசறேன். எத்தினி வருஷம் வந்தது?"

"நாலு. நாலாவதும் பாதிதான்."
பிறகு, கோபமில்லாமல்:
"இன்னாபா, இப்போ கேக்கற?"

குழியில் நாக்கு இருந்தது.
அமுலு பின்சீட்டிலிருந்து இறங்கி
என் சட்டைப்பையில் கை விட்டாள்.