உச்சம் கொடுக்கும் நாள்

மிதுஷன் போனபோது நிழலை மறந்துவிட்டுப் போனான்.
கட்டுநாயக்காவில் யாரும் கேட்கவில்லை.
முப்பது கிலோவுக்குள் இருக்கிறதா என்று மட்டும்
நிறுத்துப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் வெள்ளவத்தை ஸ்டேஷனில்
அவன் வழக்கமாய்ச் சாயும் தூணடியில்
அது தனியாக நின்றது,
தோளில் பையின் நிழலோடு.
பாணந்துறை ரயில் அதன் மேல் ஏறிப் போனது.
ஒன்றும் ஆகவில்லை.
நான் நடந்தேன். அது பின்னால் வந்தது.

எட்டு மாதம் எங்கள் ஃப்ளாட்டில் இருந்தது.
ஐந்தாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம்;
மடிந்து மடிந்து, என்னைவிட வேகமாய்ப் படியேறும்.
அம்மா வந்தால் அலுமாரியோடு ஒட்டிக்கொள்ளும்.
கரன்ட் போன இரவுகளில்
எது அவன் எது இருட்டு என்று தெரியாமல்
அறை முழுவதுக்கும் குட்நைட் சொன்னேன்.

நிழலோடு என்ன பேசுவது?
இரசாயனவியல் டியூட்டைச் சத்தமாக வாசித்தேன்.
இறால் வடையை வெளிச்சத்தில் பிடித்து
அதன் நிழலைத் தின்னக் கொடுத்தேன்.
அதன் கை என் கையின் நிழலைப் பிடித்திருக்கும்.
என் கைக்கு ஒன்றும் தெரியாது.
சுவருக்குத்தான் தெரியும்.

"என்னடீ, உனக்கு ரெண்டு நிழல் விழுகுது"
என்றாள் சுமையா, கோயிஸ் வாங்கில்.
பரீட்சை முடியும்வரை
பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

ஸ்காபரோவில் பனிக்காலம் முழுக்க
அவனுக்கே தெரியவில்லை.
மார்ச் கடைசியில் வீடியோவில் வந்தான்.
"சொன்னா சிரிக்கக் கூடாது."
பஸ் தரிப்பில் ஒரு சின்னப் பிள்ளை
அவன் காலடியைக் காட்டி அழுததாம்.
வேலை செய்யும் கடையில்
தானாகத் திறக்கும் கதவு
அவனுக்கு மட்டும் திறப்பதில்லையாம்.
"அங்க எதையாவது விட்டுட்டு வந்திட்டனோ?"

திரைக்கு வெளியே, கட்டில் விளிம்பில்,
அது தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தது.
"இல்லையே" என்றேன்.
இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஏப்ரலில் வருடாவருடம் பேப்பரில் வரும் சின்னச் செய்தி:
இன்று நண்பகல் பன்னிரண்டு பன்னிரண்டுக்கு
கொழும்பில் சூரியன் உச்சம் கொடுக்கும்.
நிறைய நீர் அருந்துங்கள்.
அதற்கு மேல் அதில் எழுதியிருக்காது.

காலிமுகத்திடலில் அந்த வெயிலில் யார் இருப்பார்கள்?
அன்னாசித் துண்டில் மிளகாய்த்தூள் தூவும் ஒருவர்.
ஒரே குடைக்குள் ஒரு சோடி.
நான், என் நிழல், அவன் நிழல்.

கொடிமரம் தன் கோட்டை மெல்லச் சுருட்டியது.
என் நிழல் செருப்புக்குள் போனது.
அதுவும் சுருங்கியது:
பை போனது, கழுத்து போனது,
நான் மட்டும் அறிந்த
இடது காதின் மடிப்புப் போனது.
கடைசியில் ஒரு ரூபாய்க் குத்தி அளவில்
என் பெருவிரலருகே கிடந்தது.

குனிந்து எடுத்தேன்.
எட்டு மாதத்தில் முதல்முறை
என் கைக்குத் தெரிந்தது.
சூடாக இருந்தது.

விழுங்கிவிடலாம் என்று நினைத்தேன்.
உண்மையாகவே, வாய்வரை கொண்டுபோனேன்.

பிறகு விரல்களை விரித்தேன்.
அலையின் உள்வளைவில் அது ஒருமுறை உருண்டது,
மேற்கே போனது.
திரும்பிப் பார்த்ததா, தெரியாது.
நிழலுக்கு முகமும் முதுகும் ஒன்று.

"வெயில் தங்கச்சி, நிழலுக்கு வாங்க"
என்று தன் குடையைச் சாய்த்தார் அன்னாசிக்காரர்.
சிரித்தேனா அழுதேனா,
அவர் காசு வாங்கவில்லை.

அங்கே அப்போது இரவு மூன்று மணி இருக்கும்.
விடிந்து அவன் வேலைக்குப் போவான்,
கதவு திறக்கும்.
ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை.

கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்தேன்.
உதடு எரிந்தது.
குட்டையாய், கிழக்கே சாய்ந்து,
ஒன்று மட்டும் என்னோடு வந்தது.
அதை எனக்கு முதலில்
அடையாளம் தெரியவில்லை.