உறைபனிக்கு ஆறு கிழமை முன்

வினிபெக்கிலிருந்து நிரோஜினி அனுப்பிய கேல் விதை.
பைக்கட்டின் முதுகில்:
முதல் உறைபனிக்கு ஆறு கிழமை முன் விதைக்கவும்.

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
கலண்டரைப் புரட்டுகிறேன்.
போயா இருக்கிறது, தீபாவளி இருக்கிறது,
தண்ணி வெட்டுக்கூடக் குறித்திருக்கிறது.
எதிலிருந்து ஆறைக் கழிப்பது?

அங்கே நேற்றிரவு
பழைய படுக்கை விரிப்பால்
பச்சைத் தக்காளியைப் போர்த்திவிட்டாளாம்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல.
இங்கே கடற்காற்று
என் கறிமிளகாய்க்கு உப்புப் பூசுகிறது.
நானும் ஒரு சாரம் கட்டினேன்.
விடியப் பார்த்தால்
கீழ்வீட்டு அன்ரெனாவில் தொங்குகிறது.

கடைசியில் விதையை
ஐஸ்பெட்டியில் வைத்தேன், சூரைமீனுக்குப் பக்கத்தில்.
ஏமாறுதா பார்ப்போம்.

பதினொரு நாள் கழித்து
பால்மா டின்னில் ஊன்றினேன்.
இன்று மூன்று முளை.

அவளுக்கு இன்னும் படம் அனுப்பவில்லை.
நாலாவதும் வரட்டும்.