வாத்துப் படம் போட்ட துண்டு

பியூட் நகரத்து நூலகத்தின் அடித்தளம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
உள்ளே நாங்கள் பதினான்கு பேர்,
நெஞ்சில் ஒட்டிய பெயர்கள்,
காகிதக் கோப்பையில் காலையிலேயே கருகிய காபி.
வீடற்றோர் விடுதியிலிருந்து மூவர்,
பள்ளிக்கூடத்திலிருந்து ஒருத்தி,
நான் போதை மீட்பு நிலையத்து இரவுப் பணி.
தூங்காமல் வந்திருந்தேன்.

பயிற்சியாளர் வெர்லீன் டூயி
மிசூலாவிலிருந்து பனியில் வண்டியோட்டி வந்தவர்.
நனைந்த காலணியை
வெப்பக்குழாய் மேல் காயவைத்துவிட்டு
காலுறையோடு நின்று பாடம் நடத்தினார்:
அறிவுரை வேண்டாம்.
'ஏன்' என்று ஆரம்பிக்காதீர்கள்,
அந்தச் சொல்லுக்கு ஒரு விரல் இருக்கிறது,
சொன்னதும் நீளும்.
அவர்கள் பேசாவிட்டால் ஏழு வரை எண்ணுங்கள்.
மனதுக்குள்.

பிறகு அட்டைகள்.
லாமினேட் செய்தவை, மூலை மழுங்கியவை,
ஊர் ஊராய்ப் போய்
பல கைகளில் நடித்துக் களைத்தவை.
எனக்கு எதிரே லோர்ன் பெட்ரிச்,
சிறைச்சாலை நலப்பணியாளர்.
நாற்காலி அவருக்குப் போதவில்லை.
கண்ணாடி கொண்டுவராததால்
அட்டையை எட்டப் பிடித்து வாசித்தார்:
வாடிக்கையாளர் பி. வயது பத்தொன்பது.
அக்டோபரிலிருந்து காரில் உறங்குபவர்.
கேட்டதற்கு மட்டும் பதில்.

நான்கு நிமிடம்.
முட்டை அவிக்கும் கடிகாரத்தை முறுக்கி வைத்தார் வெர்லீன்.

"ராத்திரி எப்படிப் போகுது?"
"குளிருது."
பக்கத்து மேசையில் யாரோ பொய்யாக விசும்ப
யாரோ சிரித்தார்கள்.
"காருக்குள்ள..." என்று இழுத்தேன்,
மேலே என்ன கேட்பதென்று தெரியாமல்.

"பின்சீட்டு ஜன்னல்ல ஒரு துண்டு.
குளிக்கிற துண்டு, வாத்துப் படம் போட்டது.
கண்ணாடிய ஏத்தி நுனியச் சொருகிட்டா விழாது.
நான் தட்டுனேன்.
ரெண்டு தடவ தட்டுனேன்.
துண்டு அசையல."

அட்டையில் துண்டு இல்லை.
வாத்து இல்லை.
தட்டுகிறவர் என்று எவரும் இல்லை.
பி காருக்குள் இருப்பவர்.
இவர் வெளியே நிற்கிறார்.

ஒன்று. இரண்டு.
வாய்வரை வந்ததெல்லாம்
யார், எப்போது, ஏன்.
மூன்று. விழுங்கினேன்.
வெப்பக்குழாய் டக்டக்கென்றது.
ஐந்தா ஆறா, விட்டுப்போயிற்று.
கடிகாரம் அடித்தது.
எல்லா மேசைகளும் நடிப்பைக் கலைத்துக்கொண்டு சலசலத்தன.
அவர் முழங்காலில் அட்டை குப்புறக் கிடந்தது.

வெர்லீன் வந்தார்,
கையிலிருந்த மதிப்பெண் தாளைப் பார்த்தார்,
அவரைப் பார்த்தார்,
தாளை நான்காக மடித்தார்.
"காபி குடிச்சிட்டு வரலாம்" என்று அறைக்கு அறிவித்தார்.
இடைவேளைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

"வேற ஜோடி பாத்துக்கவா?" என்றேன்.
"வேண்டாம்" என்று
அட்டையை என் பக்கம் தள்ளினார் லோர்ன்.
"இப்ப உன் முறை."

மாலையில் சான்றிதழ், ஆறரை மணிநேரம்.
என் பெயரில் ஓர் எழுத்து குறைந்தது.
கருத்துத் தாளில் ஐந்தாம் கேள்வி:
கற்றது பணிக்கு உதவுமா, எண்ணை வட்டமிடுக.
வட்டமிடாமல் கொடுத்தேன்.
யாரும் கேட்கவில்லை.
வண்டிகள் நிற்கும் இடத்தில்
லோர்ன் உறைபனி சுரண்டிக்கொண்டிருந்தார்.
முன்கண்ணாடி மட்டுமல்ல,
நான்கு பக்கமும்,
உள்ளே தெரியும்வரை.

வியாழன் இரவு, இரண்டே கால்.
எங்கள் நிலையத்து வாசலில் ஒரு பெண்,
சட்டைக்கு மேல் சட்டைக்கு மேல் சட்டை.
காரில்தான் இருப்பு என்றாள்,
பஸ் நம்பர் சொல்வதுபோல.
படிவத்தில் முதல் கேள்வி நிலையான முகவரி.
பேனாவை மூடினேன்.
"ஜன்னலுக்கு என்ன மாட்டியிருக்கே?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.
"பீட்சா அட்டை.
ஒரு பக்கத்துக்குத்தான் பத்துச்சு."

நான் எண்ணத் தொடங்கினேன்.
நான்கு வருவதற்குள்
உட்கார்ந்துவிட்டாள்.