ஏனையவை

கொட்டையைத் திருகி எடுத்தவர்கள்
பழத்தை மரத்தடியிலேயே விட்டுப் போனார்கள்.
காயாங்கேணி மணலில்
மஞ்சளும் சிவப்புமாய் நாலு ஏக்கர்.
புல்லுக்கு வந்த மாடுகள் அதைத் தின்று
கால் பின்னி வேலியில் சாய்ந்தன.
மாட்டுக்காரர் என்னோடு சண்டைக்கு வந்தார்,
மரம் என்னுடையது என்பதால்.

அன்றைக்குத்தான் யோசித்தேன்:
மாட்டுக்கு ஏறுவது மனிசருக்கு ஏறாதா?

முதல் சாறு வாயை இறுக்கிப் பிடித்தது,
நாக்கில் யாரோ சாக்கு விரித்தது மாதிரி.
கஞ்சித் தண்ணி விடு என்றாள் பூரணவதி.
கொட்டை திருகித் திருகி நகம் கருத்தவள்.
ஒரு வாளிச் சாறுக்கு ஒரு சிரட்டை.
வெள்ளம் வடிந்த வீட்டில் சேறு படிவதுபோல்
காறல் திரண்டு அடியில் இருந்தது.
மேலே, கைவிரல் தெரியும் தெளிவு.

பிழிபொறி அன்ட்ராடோ செய்தது.
சின்ன உப்போடையில் அவருடைய பட்டறை.
ஓடாத லொறியின் ஜக், முதிரைப் பலகை நாலு.
"இது லொறியைத் தூக்கும், பழத்தை அமத்தும்.
அதுக்கு ரெண்டும் ஒண்டுதான்."
சுத்தியலை மட்டும் போர்த்துக்கீசில் திட்டுவார்.
எங்களுக்குத் தமிழ்.

மதுவரிக் கந்தோரில் படிவம் கேட்டது:
எந்த மரம்?
தென்னை. பனை. கித்துள்.
பெட்டிகள் முடிந்துவிட்டன.
எழுதுவினைஞர் பேனையால் காதைக் குடைந்து
கடைசி வரியில் புள்ளடி இட்டார்: ஏனையவை.
அன்ட்ராடோ எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"எங்கட ஆக்களையும் இதுக்குள்ளதான் போடுவாங்கள்.
கசு நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கு."
அனுமதி வரும்வரைக்கும்
பரிசோதனைக்குக் கொஞ்சம் செய்யலாம் என்று
வாயால் சொன்னார்கள். எழுதித் தரவில்லை.

நீலப் பரல். சேலைன் குழாய்.
குழாயின் வாய் தண்ணீர்ப் போத்தலுக்குள்.
மூன்றாம் நாள் அது பேசத் தொடங்கியது.
களுக்.
நான் சோறு வடிக்கையில் களுக்.
கணக்குப் பார்க்கையில் களுக்.
இரவு விழித்தால்
எனக்கு முன்னமே விழித்திருக்கும்.

பேச்சு ஓய்ந்தது என்று நினைத்து
லெமனேட் போத்தல்களில் அடைத்தேன்,
நுரைக்க வேண்டுமென்று
ஆளுக்கொரு கரண்டி சீனி சேர்த்து.
அது ஓயவில்லை.
மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

வெசாக்குக்கு முதல் கிழமை, இரவு பத்தே கால்.
ஒன்று வெடித்தது.
மறுகா இரண்டு.
மறுகா ரெண்டு சேர்ந்து.

பூரணவதி வீட்டு விளக்கு அணைந்தது.
அதற்கடுத்த வீடு.
அதற்கடுத்தது.
கடைசியாய்ச் சந்திக் கடை.
ஒருவரும் கத்தவில்லை.
எத்தனையோ வருசத்துக்குப் பிறகும்
இருட்டில் சுவிட்ச் எங்கே என்று
கைகளுக்கு ஞாபகம் இருந்தது.
என் கையைத் தேடினேன்.
அதுவும் அங்கேதான் இருந்தது.

முற்றத்தில் இறங்கிக் கத்தினேன்:
"போத்தல்! போத்தல்தான்! கசுப்பழச் சாறு!"
விசரியின் குரல்போல எனக்கே கேட்டது.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு வேலிக்கு அந்தப் பக்கம்:
"எத்தினை போச்சுகா?"
"நாலு. இல்லை, அஞ்சு."
"மிச்சத்துக்கு மூடியைத் தளர்த்தன் புள்ள,
நிண்டு கத்திக்கொண்டிருக்கிறாய்."

விளக்குகள் போன வரிசையில் திரும்பவில்லை.
ஒன்று விடியும்வரை வரவேயில்லை.
காலையில் அந்த வீட்டுக்கு ஒரு போத்தல் கொண்டுபோனேன்.
அவர் குடிக்கவில்லை. மணந்து பார்த்தார்.
ஈரச் சாக்கால் சுற்றி,
வீட்டுக்குள் வைக்காமல்,
கிணற்றடியில் வைத்தார்.

இந்த வருசம் கண்ணாடி தடிப்பு.
சீனியை அளந்து போடுகிறேன்.
குடித்தால் முதலில் புளிப்பு,
கொஞ்சம் மணல் சூடேறிய வாசம்.
விழுங்கிய பிறகு,
கஞ்சிக்கு அகப்படாத காறல் மெல்லத் திரும்பி வரும்.
அன்ட்ராடோவுக்கு அதுதான் பிடித்தது.
படிவத்துக்கு இன்னும் பதில் இல்லை.

நேற்று மாட்டுக்காரர் வந்தார்.
இரண்டு போத்தல் கேட்டார்.
மாட்டுக்கு இல்லை என்றார்,
நான் கேட்காமலே.