ஒன்று கூடுது

இரண்டாம் கியரிலும் ஏற மறுத்தது வண்டி.
கிளட்ச் கருகும் நாற்றத்தோடு வளைவில் நிறுத்தி,
சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு
மீதி மலையை நடந்தேன்.

கோட்டை என்றதும் என்ன எதிர்பார்த்தேனோ.
இடுப்பளவுச் சுவர். நாலு வாசல், கதவில்லை.
சரிவில் கிடந்த புல்லை
யாரோ அடைப்புக்குறிக்குள் இட்டதுபோல.
தானியக் கிடங்கில் ஆட்டுப் புழுக்கை, நேற்றைய மழை.
சுவரின் நடுவே மெல்லிய பலகைக்கல் கோடாய் ஓடுகிறது:
அதற்குக் கீழே யவனர் அடுக்கியது,
மேலே, விழுந்ததைப் பொறுக்கிப் பின்னால் வந்தவர்கள் அடுக்கியது
என்கிறது தகவல் பலகை.
இரண்டிலும் ஒரே பாசி.
பாசி பலகையைப் படிப்பதில்லை.

"அந்த வாசலில் போய் நில்லு" என்றாள் ஒருத்தி.
வா என்றுகூடச் சொல்லவில்லை.
திர்சா டைசன் என்ற பெயர் பிறகுதான் வந்தது.
இடுப்பில் சாக்குக் கயிறு, இரண்டு நாய்கள்,
அவற்றுக்கு மட்டும் புரியும் ஒரு சீழ்க்கை.
"கையை விரி. கதவு மாதிரி இரு."
இருந்தேன்.

படை நின்ற இடத்தில் ஆடுகள் நின்றன.
சாம்பல் உடம்பு, உறைபனி ஒட்டிய முகம்.
வடக்கு வாசல் வழியே ஒவ்வொன்றாய் விட்டு
எண்ணத் தொடங்கினாள்,
இந்த மலைக்காரர்கள் ஆட்டுக்கென்றே வைத்திருக்கும் எண்களில்:
யான், டான், டெதெரா,
மெதெரா, பிம்ப்.

யான் என்றால் ஒன்றாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
என் மொழியில் அது நான்,
பேச்சில் செத்து ஏட்டில் மட்டும் நிற்கிற நான்.
இருபதுக்கு ஒரு கூழாங்கல்லைப் பையில் போட்டு
மறுபடி யான் என்கிறாள்.
யான் என்று ஓர் ஆடு தாண்டிப் போகிறது.

இப்படித்தான் நின்றிருப்பார்கள்
டல்மேஷியாக் கரையிலிருந்து ஓட்டிவந்த பையன்கள்,
வெயில் தின்று வளர்ந்தவர்கள்,
இந்த ஈரத்தில் கால்விரல் ஊறி வெளுத்து,
விடியலில் தலை எண்ணும்போது
ஆளுக்கொரு தரம் யான் என்று.
எந்த மொழியில் சொன்னார்களோ.
ஒருவன் சொல்லாத காலையும் இருந்திருக்கும்.
கணக்கன் எழுத்தாணியை நிறுத்தி
நிமிர்ந்து பார்த்திருப்பான்.

"ஒன்று கூடுது" என்றாள் திர்சா.
குறைந்தால் ஓடைப் பள்ளத்தில் தேடலாம், நரியைத் திட்டலாம்.
கூடினால்?
மூன்றாம் எண்ணிக்கையில் பிடிபட்டது.
அவள் ஆடுகளுக்கு விலாவில் சிவப்புக் கோடு,
இதற்கு நீலம்.
"ஆல்வினுடையது."
பல்லில் சிக்கிய நாரைப்போலப் பெயரைத் துப்பினாள்.
கூடப் பிறந்தவன். நான் ஏறிவந்த பக்கத்துக்காரன்.
பதினோரு வருஷம். ஒரு வேலிக் கம்பம்.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

மூடுபனி தெற்குச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது,
யாரும் தடுக்கவில்லை.
கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.
தளபதி வீட்டு மூலையில், காற்றுக்கு மறைவாய்ப் பார்த்து
அந்த ஒற்றை ஆட்டை மடக்கி
இரும்புத் தட்டியைக் குறுக்கே வைத்துக் கட்டினாள்.
ஒரு கற்றை வைக்கோலைக் காலால் தள்ளினாள்,
பிறகு இன்னொன்றைக் கையால்.

"கீழேதானே போறே?
பாலம் தாண்டிப் பச்சைக் கதவு. தட்டு.
இங்கே ஒன்று இருக்கிறதென்று மட்டும் சொல்லு.
நான் சொன்னதாய்ச் சொல்லாதே."

பின்னே யார் சொன்னது என்று கேட்பாரே.

நாய்களைப் பார்த்தாள்.
"கோட்டை பார்க்க வந்தவன் சொன்னதாய்ச் சொல்லு."

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இறங்கினேன்.
பாலம். பச்சைக் கதவு. இடுக்கில் வெளிச்சம்.
தட்டியதும் ஒரு நாய் குரைத்தது.
"யாரது?" என்றது உள்ளேயிருந்து
திர்சாவின் அதே கரகரப்பு.

வாய்வரை வந்துவிட்டது
யான்.