கண்டதைத் திங்காதே

சுற்றறிக்கை வந்ததால் போனேன்.
சேலத்து வெயில், மூன்றாம் மாடி,
ஏசி ஓடாத கருத்தரங்கக் கூடம்.
நோயாளிக்கான உணவு பற்றி
மருத்துவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி.
இருபத்திரண்டு வருஷம் வயிற்றைக் கிழித்துத் தைத்தவனுக்கு
வயிற்றில் என்ன போடுவதென்று
சொல்லித்தர வந்தவள் பெயர் கார்குழலி.
என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.

முதல் கேள்வி:
"நேற்று நீங்கள் பார்த்த கடைசி நோயாளி,
எடை எத்தனை?"
நாற்பது பேர் இருந்தோம்.
மின்விசிறி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
எடை மேடை எங்கள் வார்டிலும் உண்டு.
அதன்மேல் அழுக்குத் துணி மூட்டை உட்கார்ந்திருக்கும்;
மூட்டையின் எடை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இடைவேளைக்குத் தட்டுவடை செட்.
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்த
மயக்க மருந்து அருளப்பன் கேட்டார்,
"இதுல எத்தனை கலோரிம்மா?"
தன்னுடையதைக் கடித்துக்கொண்டே சொன்னாள்,
"உங்க ஐசியூ ஆளுக்கு அஞ்சு நாளா
குளுக்கோஸ் பாட்டில் மட்டும்தானே சார்,
அதுல எத்தனை?"
யாரும் இரண்டாவது செட் எடுக்கவில்லை.
நான் எடுத்தேன்.

இரண்டாம் நாள் ஆளுக்கொரு சமையல் தராசு.
"உங்கள் வார்டுக்கே போங்கள்.
மிஞ்சியதை நிறுங்கள்."

பதினான்காம் கட்டில், பெரியண்ணன்.
ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில்
மாவுத் தொட்டிக்குள் இறங்கி நிற்கிற வேலை.
குடலில் ஓட்டையோடு வந்தான், தைத்தேன்.
ஒன்பதாம் நாள் தையல் விட்டது.
மறுபடி தைத்தேன்.
நூல் கம்பெனியைத் திட்டி
ஸ்டோருக்கு ஒரு கடிதமும் எழுதினேன்.
இப்போது மறுபடி ஓரம் ஈரம்.

சோறு, நூற்றெண்பது கிராம், தொடவில்லை.
பருப்பு, எழுபது, தொடவில்லை.
முட்டை, ஓட்டோடு, ஐம்பத்திரண்டு.
அவன் மனைவி அத்தாயி கொண்டுவந்த
தூக்குப்போசியில் ஜவ்வரிசிக் கஞ்சி,
அது மட்டும் காலி.
போன வாரம் அந்தக் கஞ்சியைப் பாராட்டியது நான்தான்.
வெள்ளையாய் லேசாய், நல்லது, என்று.
ஒரு போசிக் கஞ்சியில்
சதை வளர்க்கும் சத்து
ஒரு கிராம்கூடத் தேறாது என்றது
கார்குழலி கொடுத்த அட்டவணை.
கிழிந்த இடத்தை நெய்ய
அவன் உடம்பில் இழை இல்லை.
நான் நூலைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"முட்டைய ஏன்யா வச்சிருக்க?"
"சீழ் புடிக்குமுங்க."
"எந்த முட்டாள் சொன்னான்?"
பெரியண்ணன் விட்டத்தைப் பார்த்தான்.
அத்தாயிதான், மெதுவாக:
"நீங்கதானுங்க. மொத தடவ பிரிஞ்சப்ப
'கண்டதத் தின்னியா'ன்னு சத்தம் போட்டீங்க.
அதுக்கு மொத நாளு
முட்டைதானுங்க தின்னாரு."

தராசில் எண் அணைந்துவிட்டது.
தொடாமல் விட்டால் அரை நிமிஷத்தில்
அணைந்துவிடும் ரகம்.

அவன் மேற்கையில் நாடாவைச் சுற்றினேன்.
பத்தொன்பது.
எதற்கென்று தெரியாமல் என் கையிலும் சுற்றினேன்.
முப்பத்திமூன்று.
ஜன்னலில் ஏற்காட்டு மலை, பாதிக்கு மேல் மேகம்.

கட்டில் ஓரம் உட்கார்ந்து முட்டையை உரித்தேன்.
குடல் பிரித்துப் பழகிய விரல்களுக்கு
அந்த மெல்லிய தோல் வரவேயில்லை,
வெள்ளைக் கருவும் பிய்ந்தது.
சீழ் பிடிக்காது என்று காட்ட
பாதியைக் கடித்து நானே தின்றேன்.
மீதியை அவன் வாங்கிக்கொண்டான்.
பின்னால் எப்போது வந்து நின்றாளோ,
"மூணு கிராம் போச்சு சார்" என்றாள் கார்குழலி.

மூன்றாம் நாள் மாலை சான்றிதழ் வழங்கினார்கள்.
நான் வார்டில் இருந்தேன்.
மென் உணவு என்று கண்ணை மூடிக் கிறுக்கும் இடத்தில்
எண்களாக எழுதிக்கொண்டிருந்தேன்:
எடை நாற்பத்தொன்று. முட்டை இரண்டு, காலை, மாலை.
பச்சைப்பயறு எத்தனை, தயிர் எத்தனை,
ஜவ்வரிசிக் கஞ்சி வேண்டுமென்றால்
பாதி பாலில்.
சமையற்கூடத்து மாதேஸ்வரி
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"சார், இது மருந்துச் சீட்டு.
பார்மசிக்குப் போகணும்."
"இல்லம்மா, ஒனக்குத்தான்."

தையல் ஓரம் இன்னும் ஈரம்தான்.
நாளைக்கு ஸ்டோருக்குப் போய்
அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கவேண்டும்.