மூக்கின் மேல் மூன்று பேர்

வியாழக்கிழமை நகரியில் பவர் ஹாலிடே.
தறிகள் நின்றுவிட்டன,
காதுக்குள் ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

ஐந்து மணிக்கே டில்லிபாபுவின் ஸ்கூட்டர்.
பின்னால் ஹேமாத்ரி, அவன் தோளில் கயிறு.
எதுக்குடா கயிறு?
மலைன்னா கயிறு வேணும்.
என் வண்டியில் கன்னியப்பன்,
மடியில் தூக்குச் சட்டி:
புளிச்சோறு, நாலு ஆம்லெட்,
அவன் தங்கச்சி போட்ட மாங்காய் ஊறுகாய்.

பல் துலக்கும்போதெல்லாம் பார்த்த மலை.
சீட்டுக்காரர் தெருமுனையில் தெரிந்தால்
அவரைப் பாராமலிருக்கப் பார்த்த மலை.
மல்லாந்து படுத்தவனின் மூக்கு மாதிரி
முப்பது வருஷமாய் அங்கேயே.
ஒருநாளும் கால் வைத்ததில்லை.

அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்
தெலுங்கில் வழி சொன்னார்,
நாங்கள் தமிழில் தலையாட்டினோம்.

கத்திக்கொண்டே ஏறினோம்.
எங்களுக்கு மெதுவாய்ப் பேச வராது.
பதினாறு தறிக்கு நடுவே நின்று
பெண் கேட்டு, நாள் குறித்து,
சாவுச் செய்தியும் சொல்லிப் பழகியவர்கள்.

பாதியில் கன்னியப்பனின் செருப்பு வார் அறுந்தது.
ஹேமாத்ரி முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.
கயிற்றால் கட்டினோம்.
நூறடி போவதற்குள் செருப்பே பிளந்தது.
பாறை அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.
போங்கடா, நான் இப்படிக் குந்திக்கிறேன் என்று
அத்தி நிழலில் உட்கார்ந்துவிட்டான்.

ஊரிலிருந்து பார்த்தால் எத்தனை கூர்மை!
ஏற ஏறக் கரைந்துகொண்டே போனது.
மூக்கு எங்கே, மூக்கு எங்கே என்று தேடி
மூக்கின் மேலேயே வந்து நின்றோம்.
காய்ந்த புல்.
பீடிக்கட்டு உறை ஒன்று.
கல்லில் சிவப்புப் பெயிண்டில்
மழை பாதி தின்ற ஒரு பெண் பெயர்.

டில்லிபாபுவின் போன் முனகியது.
தமிழ்நாட்டுக்கு நல்வரவு.
நாலடி நகர்ந்தான்.
ஆந்திராவுக்கு நல்வரவு.
போவதும் வருவதுமாய்
இரண்டு அரசாங்கத்தையும் கொஞ்ச நேரம்
வேலை வாங்கினான்.

கிழக்கே ஒரு சாம்பல் கோடு.
கடல் என்றான் அவன்.
தூசி என்றான் ஹேமாத்ரி.
பிரியாணி பந்தயம்.
எனக்கு அது கடலாகவும் தெரிந்தது,
தூசியாகவும் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை,
யார் தோற்றாலும் பிரியாணி உண்டு.

என் வீட்டைத் தேடினேன்.
எல்லாம் ஒரே ஆஸ்பெஸ்டாஸ்.
மாடியின் நீலத் தொட்டியை வைத்து
அதோ என்று கை நீட்டினேன்.
தொட்டி நகர்ந்து
புத்தூர் ரோட்டில் திரும்பியது. லாரி.

பிறகுதான் பசித்தது.
தூக்கு கன்னியப்பனிடம்.
தறிக்காரன் தொண்டை மூன்று சேர்ந்து கூப்பிட்டோம்.
கீழே இருந்ததும் தறிக்காரன் காது.
வெள்ளைச் சட்டைப் புள்ளி அசையவே இல்லை.

கத்தி ஓய்ந்தபோது கவனித்தேன்,
காதுக்குள் தறி இல்லை.
எப்போது நின்றதென்று தெரியாது.
பயமாய் இருந்தது,
யாரோ வீட்டை விட்டுப் போனது போல.
ஹேமாத்ரி செருமினான்.
அவனை நன்றியோடு பார்த்தேன்.

இறங்கும்போது முழங்கால்கள்
தனித்தனியே முறையிட்டன.
தூக்கைத் திறக்கவே இல்லை என்றான் கன்னியப்பன்.
ஆம்லெட் மூன்றுதான் இருந்தது.

மேல என்னடா இருந்துச்சு?
கடல், தூசி என்று மறுபடி ஆரம்பித்தார்கள்.
சோற்றைப் பிரித்தபடி அவன் சொன்னான்:
அட விடுங்கடா, நான் பாத்தேன்.
மூக்கு மேல மூணு பேரு,
ஈ உக்காந்த மாதிரி.
மலை தும்மிடப் போவுதுன்னு
பாத்துனே இருந்தேன்.

என் துண்டை இரண்டாய்க் கிழித்து
அவன் பாதங்களில் சுற்றி
கயிற்றால் கட்டினோம்.
ஊர் வரும்வரை
ஹேமாத்ரி அந்தக் கயிற்றைப் பற்றியே பேசினான்.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது.
தறி முன்னால் நின்று நிமிர்ந்தால்
ஜன்னலில் மலை.
மேலே யாருமில்லை.
என் மூக்கு நுனி லேசாய் அரித்தது.